எந்தக் காலைத் தூக்க?

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே
ஏரி கெண்டைக்காலளவு வடிந்த தை மாதம்.
மடையான் நின்றிருந்தது,
ஒரு கால் தமிழ்நாட்டுச் சேற்றில்,
ஒரு கால் ஆந்திரச் சேற்றில்.
இரண்டும் ஒரே நாற்றம்தான்.

சேற்று நிறத்தில் பிறந்த பறவை.
குருட்டுக் கொக்கு என்பார்கள்,
கண் நன்றாகத் தெரிந்தும்.
ஆள் பக்கத்தில் வந்தாலும் பறக்காது.
தன்னை யாரும் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கை.
அந்த நம்பிக்கைதான் அன்று காலை வலித்தது:
எதிரே ஆயிரம் பூநாரைகள்,
கல்யாண மண்டப வாசல் மாதிரி.

"எனக்கும் அந்த நிறம் வேண்டும்."

வரிசைக் கடைசியில் நின்ற பூநாரை
கழுத்தை வளைத்துப் பார்த்தது.
அதுவரை யாரும் அதை எதுவும் கேட்டதில்லை.
கேட்டதும் ஆசிரியராகிவிட்டது.

"உன் பெயரிலேயே குரு இருக்கிறாரே,
மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
முதல் பாடம்: ஒற்றைக் காலில் நில்."
"எந்தக் காலைத் தூக்க?"
அது பாடத்தில் இல்லை.

வருடாவருடம் கட்ச்சிலிருந்து வந்துபோனதில்
ஒட்டிக்கொண்ட தெலுங்கில்
"இங்கா கொஞ்செம், இங்கா கொஞ்செம்" என்றது.
மடையான் கழுத்தை நீட்டியது.
நீட்ட நீட்ட
யாருடைய கழுத்தோ போலிருந்தது.

இரண்டாம் பாடம், தலைகீழாய்த் தின்பது.
அலகைக் கவிழ்த்து உறிஞ்சினால்
வாய் நிறைய ஏரி.
கால்களுக்கிடையே நழுவிப் போனது
வழக்கமான காலைச் சாப்பாடு.

மூன்றாவது, மனத்தில் நிறத்தை நினைப்பது.
இதைச் சொல்லும்போது ஆசிரியர்
கண்ணை மூடிக்கொண்டது.
தன் நிறம் எங்கிருந்து வந்ததென்று
அதற்கே தெரியாது.

பக்கத்தில் ஒரு பூநாரைக் குஞ்சு,
லாரி துடைத்த துணி மாதிரிச் சாம்பல்.
பாடத்தில் அக்கறையில்லை.
பொடி இறாலைத் தின்றது,
பேண்டது, தின்றது.

முப்பதாம் நாள் மடையான் இளைத்திருந்தது.
பாடு முடித்து வலை உதறிய தேசப்பன்
"என்னா, ஒத்தக் கால்ல விரதமா?" என்று
ஒரு மடவைக் குஞ்சை வீசினான்.
பாடத்திட்டத்தில் இல்லாததால் தின்னவில்லை.
இருட்டியபின் தேடிப் போய்த் தின்றது.
இதை ஆசிரியரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

மாசியில் ஒரு மாலை
ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் வானம் கிழிந்தது.
முதலில் வெளிச்சம்.
பிறகு தண்ணீரில் நடுக்கம்.
எல்லாம் முடிந்ததுபோல் இருக்கையில் சத்தம்.
ஆயிரம் பூநாரையும் எழுந்தன
பாடம் வரிசை ஒற்றைக்கால்
போட்டது போட்டபடி.
மடையானும் எழுந்தது.

எழுந்தபோது
சேற்றுக்குள்ளிருந்து யாரோ
வெள்ளை வேட்டியை உதறியதுபோல்
இரண்டு இறக்கை.
அத்தனை வெள்ளை.

பறந்தபடியே பூநாரை கத்தியது:
"இதை எங்கே வைத்திருந்தாய்?"
"எதை?" என்றது மடையான்,
கீழே எல்லையைத் தேடிக்கொண்டு.

இறங்கி மடக்கியதும் மறுபடி சேறு.
பூநாரை சுற்றிச் சுற்றி வந்தது.
விலாவை அலகால் தட்டிப் பார்த்தது.
"இன்னொரு தரம் காட்டு."
"என்னத்தைக் காட்ட? நீ பாடத்தைச் சொல்."
சொல்ல வாயெடுத்த பூநாரைக்கு
நான்காம் பாடம் மறந்துபோயிருந்தது.

பங்குனியில் அவை வடக்கே போயின.
குஞ்சின் இறக்கை மடிப்பில்
கசிய ஆரம்பித்திருந்த சிவப்பை
யாரும் கவனிக்கவில்லை, குஞ்சு உட்பட.

கட்ச்சின் உப்புவெளியில்
ஒரு பூநாரை, மற்றவை தூங்கும் நேரம் பார்த்து,
கழுத்தைத் தோளுக்குள் இறக்கி
சேறாய் நிற்கப் பழகுகிறதாம்.
தேசப்பன் சொன்னான்.
அவன் கும்மிடிப்பூண்டி தாண்டியதில்லை.

இங்கே மடையான்
பழையபடி ஊன்றிவிட்டது இரண்டு காலையும்.
இடையே ஒரு மடவை
தெற்கேயிருந்து வடக்கே நீந்துகிறது.

பாதி வழியில் காணோம்.